எதிர் ஜன்னலுக்கு நாக்காக இருந்த கதை

உப்பே போடாத ரசத்தை 'அமிர்தம்' என்று நான் எழுத்து மூலமாகப் பாராட்டியிருக்கிறேன். அதுவும் ஒரு காம்பவுண்டே பார்க்கும்படி.

வாய் தவறிச் சொன்னதல்ல. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தது. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்றையும், நாக்கைத் தொங்கவிட்ட மஞ்சள் முகம் ஒன்றையும் சேர்த்திருந்தேன்.

அந்த ரசம் எதிர்வீட்டிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில், மேலே தட்டு மூடி வந்தது. பங்குனி மாதம். மதுரையில் பங்குனிச் சாயங்காலம் சுவரில் சாய்ந்தால் சட்டை தானாக இஸ்திரி ஆகிவிடும். அந்த வெக்கையிலும் ஆசையாக டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். வெந்நீரில் கொத்தமல்லி மிதந்தது. சந்தேகம் தீர இன்னொரு வாய் குடித்தேன். உப்பு இல்லை.

பிறகு எழுதினேன்: 'அமிர்தம் அக்கா!!' ஆச்சரியக்குறி இரண்டு.

மறுநாள் காலை எதிர்வீட்டு சுலோச்சனா அக்கா தன் அடுப்படி ஜன்னலில் நின்று கூப்பிட்டார். அவர் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு சைக்கிள் போகும். எதிரே இன்னொன்று வந்தால் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

"தம்பி, நேத்து ரசம் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்க்கா. பிரமாதம்."

"உப்பு?"

"கச்சிதமா இருந்துச்சு. உங்க கைக்குக் கேக்கணுமா?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"நான் அதுல உப்பே போடல தம்பி."

நான் சமையல்காரனான விதம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கும் பாக்கியசாலிகளுக்கு என் மனைவி செல்வியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அரசாங்க உத்தியோகம், என்னைவிடப் புத்திசாலி, அதை மறைக்கத் தெரியாதவர்.

அவரைப் பேரையூருக்கு மாற்றினார்கள். காலையில் கிளம்பினால் திருமங்கலத்து நெரிசலையெல்லாம் தாண்டி வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டில் உட்கார்ந்து நகைச்சுவை எழுதுகிறவன் ராத்திரிச் சாப்பாட்டையாவது பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு நாள் நானே முன்வந்தேன். அவர் அதை மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் முன்வந்தேன். அவர் மறுக்கவில்லை.

எனக்குக் கடுகு வெடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஆனால் ஆறே தோசை சுட்டதும் எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். காம்பவுண்டு வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி வரும் நேரமும் மோட்டார் ரிப்பேரும் மட்டுமே பேசப்பட்ட இடத்தில், 'இன்றிரவு எங்கள் அடுப்பில்' என்று தினமும் ஒரு படமும் ஒரு குறிப்பும் போட ஆரம்பித்தேன்.

குறிப்புகள் ஒன்றும் மோசமில்லை. வெங்காயம் வதக்கும்போதே கொஞ்சம் உப்புப் போட்டால் சீக்கிரம் வதங்கும். புளியை வெந்நீரில் ஊறவைத்தால் கை வலிக்காமல் கரையும். கல்லில் தோசை ஒட்டினால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்க வேண்டும். இவையெல்லாம் மதுரையில் பிறந்த எல்லோருக்கும் பால்பல் விழுவதற்கு முன்பே தெரியும். ஆனாலும் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் தூக்கினார்கள். தூக்கிய கட்டைவிரலை நம்பியவன் உருப்பட்டதாக எந்தச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் நம்பினேன்.

படத்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கிண்ணங்கள் நடமாட ஆரம்பித்தன. எங்கள் பக்கம் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். அக்கா புளியோதரை கொடுத்தால் அதே கிண்ணத்தில் என் சேமியா போகும். கொள்ளை லாபம் எனக்குத்தான்.

அக்கா குடும்பம் சௌராஷ்டிரக் குடும்பம். அவர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற கணவர் பத்மநாபன், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் மகன், வேலைக்குப் போகும் மருமகள். வீட்டுக்குள் அவர்கள் மொழி. எங்களோடு எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ்.

தட்டில் கை கழுவும் சத்தம்

நான் ஏன் அப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். சாப்பாடு சரியில்லை என்றால் பேசவே மாட்டார். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கை கழுவுவார். சோற்றின்மேல் தண்ணீர் விழும் சத்தம் ஒரு மாதிரி மொத்தென்று இருக்கும். அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் அந்த நொடியில் நின்றுபோகும்.

அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சமையல் விமர்சனம். உப்பா, காரமா, அடிப்பிடித்ததா, எதுவென்று அம்மாவுக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, தன் குற்றத்தைத் தானே தேடிக்கொண்டிருப்பார்.

யார் என்ன ஆக்கிப் போட்டாலும் நல்லாயிருக்கு என்று சொல்வது என்று டவுசர் போட்ட வயதில் முடிவு செய்தேன். அதன்பிறகு விடுதிச் சாம்பார், கல்யாணப் பந்தி, ரயில் பொட்டலம் எல்லாவற்றையும் பாராட்டியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் செல்வி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து என் நாக்கைச் செல்வி சாட்சிக்கு அழைப்பதில்லை.

மூக்கால் சமைத்தவர்

"ஏன்க்கா உப்புப் போடல? மறந்துட்டீங்களா?" என்று ஜன்னலில் கேட்டேன்.

"மறக்கல. வேணும்னுதான் போடல. நாலு வீட்டுக்கும் குடுத்தேன். கீழ்வீட்டு வாத்தியார் அருமைன்னு போட்டாரு. மாடி வீட்டுப் பொண்ணு மூணு இதயம் போட்டுச்சு. நீங்க தெனமும் குறிப்பெல்லாம் போடுறவராச்சே, நீங்களாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

குரலில் கோபமில்லை. அதுதான் என்னவோ செய்தது.

விஷயம் இது. மாசியில் அவருக்கு ஒரு காய்ச்சல். காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப் பூவை முகத்தில் வைத்து அழுத்தினாலும் ஒன்றும் தெரியவில்லை. நாக்கும் மரக்கட்டை. டாக்டர் வரும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

"நாக்கு போனாக்கூடப் பரவால்ல தம்பி. நான் நாக்கை வச்சுச் சமைக்கிறவ இல்ல."

அவர்கள் வீட்டில் சாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். அடுப்பில் இருப்பதை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கும் வேலையே கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா வாசத்திலேயே சமைத்தவர்.

"உப்புக்கு ஏதுக்கா வாசம்?"

"உப்புக்கு இல்ல. உப்புப் போட்ட குழம்பு கொதிக்கிற வாசம் வேற, போடாத குழம்பு வேற. அடுப்படிக்கு வெளிய நின்னே சொல்லுவேன். இப்ப பானைக்குள்ள தலைய விட்டாலும் ஒண்ணுமில்ல."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொன்னா? ஏற்கனவே பையன் போதும்மா, ஆள் வச்சுருவோம்மாங்கிறான். பாசமாத்தான் சொல்றான். என்னைய ஒரு நாற்காலியில உக்கார வச்சுருவாங்க. உக்காந்து என்ன செய்யிறது தம்பி? அந்த வீட்ல நான் நிக்கிற எடம் இது ஒண்ணுதான்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு என்னைக்குச் சொன்னாரு? போட்டதைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவாரு. முந்தாநாளு நான் தண்ணி குடிக்கப் போனப்ப அவரு சொம்பு சொம்பா குடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. உப்பை அள்ளிப் போட்டுருக்கேன்போல. அவருக்குப் பிரஷர் வேற."

அப்போதுதான் அவர் கண் கலங்கியது. எனக்கு ஒரு பயங்கரமான யோசனை தோன்றியது. நல்ல யோசனை மாதிரியே இருந்தது.

"அக்கா, நீங்க சமைக்கிறதையே அதே நேரத்துல நான் இங்க சமைக்கிறேன். எங்க வீட்டுச் சாமி கோவிச்சுக்காது. நான் ருசி பார்த்துச் சொல்றேன். அதை வச்சு நீங்க உங்க சட்டியைச் சரி பண்ணிக்குங்க."

அக்கா யோசித்தார். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி," என்றார். "உங்க ஜன்னல்தான் எதிர்த்தாப்புல இருக்கு."

இரண்டு மருந்து மூடிகள்

முதல் சிக்கல், அவர் கை வேறு, என் கை வேறு. அவர் ஒரு சிட்டிகை என்பது என் சிட்டிகையில் பாதி. எலுமிச்சம்பழ அளவு புளி என்பார். என் கையில் அது சாத்துக்குடி ஆகியிருக்கும். இதற்கு அக்காவே வழி கண்டுபிடித்தார். வீட்டில் இருமல் மருந்துப் பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடிகள் கிடந்தன, உள்ளே கோடு போட்டவை. ஆளுக்கொன்று. இரண்டாவது கோடு வரை உப்பு என்றால் இரண்டு வீட்டிலும் அதே உப்பு. புளியை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவரே உருட்டி வைத்துவிடுவார். சாம்பார்த் தூளும் அவர் திரித்ததே.

இரண்டாவது சிக்கல், நான்.

முதல் நாள் தக்காளி கொத்சு. சாயங்காலம் இரண்டு ஜன்னலிலும் இரண்டு அடுப்பு. கொதி வந்ததும் ருசி பார்த்தேன்.

"எப்படி தம்பி?"

"நல்லாருக்குக்கா!"

என்னையறியாமல் வந்துவிட்டது. அன்று ராத்திரி செல்வி ஒரு வாய் வைத்துவிட்டு, இட்லியை எண்ணெய்க்கும் பொடிக்கும் மாற்றிக்கொண்டார். "இதுல என்னங்க, புளியைக் கரைச்சீங்களா, இல்ல மரத்தையே கரைச்சீங்களா?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். செல்வியிடம் முழுக்கச் சொன்னேன். கல்யாணமானவன் சத்தியத்துக்கு அவ்வளவுதான் நீளம்.

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நேராகப் பார்த்தார். "அந்தக்கா உங்க நாக்கை நம்பி அடுப்புல நிக்கிறாங்க. அங்க போயி மரியாதை பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

மறுநாள் அக்காவும் ஒரு சட்டம் போட்டார். "நல்லாருக்குங்கிற வார்த்தை இந்த ஜன்னல்ல வரக்கூடாது தம்பி. உப்பு, புளி, காரம். எது கூட, எது கம்மி. அம்புட்டுத்தான் கேள்வி."

சொல்லிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். 'உப்புக் கம்மி' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் மூன்று முறை ருசி பார்ப்பேன். சொல்லிவிட்டு, எதிரில் கரண்டிச் சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். நிற்காது. "ஒரு கோடா, அரைக் கோடா?" என்று சாவகாசமாகக் கேள்வி வரும். உப்புப் போய் விழும் சத்தம் கேட்கும். குறை சொன்னால் ஒரு பெண் சிரித்தபடி உப்பை எடுத்துப் போடுவாள் என்பதை இந்த வயதில் அந்த ஜன்னலில்தான் பார்த்தேன்.

சித்திரை, வைகாசி அப்படியே போனது. கொதிக்கும்போது ருசி பார்த்து உப்புச் சேர்க்கக் கூடாது; சூட்டில் உப்பு ஒளிந்துகொள்ளும், ஆறியதும் வெளியே வரும். ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்த ரசம் வெறும் புளித்தண்ணீர். ரவை வறுக்கும்போது ஒரு சொட்டு நெய் விட்டால் உப்புமா கட்டி தட்டாது. எல்லாம் அக்கா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னவை. இந்தப் பக்கம் நான் அவற்றைக் குழுவில் என் கண்டுபிடிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு ஆள் அளவுக்குச் சமைத்தோம்.

பரமக்குடியிலிருந்து நாத்தனார்

மதுரைக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கண் ஆபரேஷன்.

பத்மநாபன் அண்ணனின் அக்கா ருக்மணி பாய் பரமக்குடியிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தார். சொட்டு மருந்துக் காலம் முடியும் வரை இங்கேதான். அவரைப் பற்றிச் சுலோச்சனா அக்கா சொன்ன ஒரே வாக்கியம்: "எங்க கல்யாணச் சாப்பாட்டுலயே கொறை சொன்னவங்க. அது அவங்க தம்பி கல்யாணம்."

"கண்டுபிடிச்சா?"

"சாயங்காலமே பையன்கிட்டச் சொல்லிருவாங்க. மறுநா சமையலுக்கு ஆள் வந்துரும்."

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்த ருக்மணி பாயை நான் ஒரு முறை எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னேன்.

"யாரு? கொரலு நல்லாருக்கே."

"எதிர் வீடுங்க. கதை கட்டுரையெல்லாம் எழுதுறேன்."

"அப்ப சாயங்காலம் வீட்லதான் இருப்பீங்க," என்றார். எழுத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான மதிப்புரை எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் சில நாள் ராத்திரிச் சாப்பாடுகள் தப்பின. ஜன்னலில் சத்தமாகப் பேச முடியாது என்பதால் விரல் பாஷை வைத்துக்கொண்டோம். ஆள்காட்டி விரல் மேலே போனால் கூட, கீழே போனால் கம்மி. சந்தில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

பருப்பு தீய்ந்த சாயங்காலம்

அன்று ரசம் சாதமும் பருப்புத் துவையலும். எளிய சாப்பாடு. துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, வற்றல் மிளகாயும் பூண்டும் தேங்காயும் வைத்து அரைத்தால் முடிந்தது. இரண்டு ஜன்னலிலும் இரண்டு வாணலி ஏறியது.

பருப்பைப் போட்டுவிட்டு, கை சும்மா இருக்கிறதே என்று கைப்பேசியை எடுத்தேன். குழுவுக்கு அன்றைய குறிப்பை அடிக்க ஆரம்பித்தேன். 'துவையலுக்குப் பருப்பு வறுக்கும்போது மட்டும் கண்ணை வேறு எங்கும் திருப்பக் கூடாது.' வாக்கியம் சரியில்லை என்று பட்டது. 'மட்டும்' எங்கே வரவேண்டும் என்று யோசித்தேன். எழுதுகிறவனுக்கு ஒரு சொல் இடம் மாறினால் உலகமே நின்றுவிடும். வாணலி நிற்கவில்லை.

என் ஜன்னலிலிருந்து நீலப் புகை கிளம்பிச் சந்தைத் தாண்டி எதிர் அடுப்படிக்குள் நுழைந்தது.

கூடத்திலிருந்து ருக்மணி பாயின் குரல் கேட்டது. அவர்கள் மொழிதான், ஆனால் பருப்பு தீய்கிறது என்று யாருக்கும் புரியும் தொனி.

சுலோச்சனா அக்கா சட்டென்று தன் அடுப்பை அணைத்தார். வாணலியைத் துணியால் பிடித்து, பருப்பு முழுவதையும் தட்டில் கொட்டினார்.

அந்தப் பருப்பு மஞ்சள் மாறாமல் அப்படியே இருந்தது. வறுபடவே இல்லை. தீய்வது எந்த அடுப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் கையைக் காலை ஆட்டினேன். அதற்குள் ருக்மணி பாய் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு தட்டின்மேல் குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்து என் ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பினார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டது அவர்கள் மொழியில். இருபது வருடம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு அந்த மொழியில் வா, போ, சாப்பிடு என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். அன்று அந்த மூன்றும் வரவில்லை. சுலோச்சனா அக்கா மேடையில் கையூன்றி நின்றார். தோள் குலுங்கியது. கையில் கரிந்த வாணலியோடு நான் இந்தப் பக்கம் நின்றேன். ஓர் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனதை மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை காரணம் என் வாணலி.

என்ன பேசினார்கள் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

"வறுபடாத பருப்பை ஏன் எறக்குன?"

அக்கா தட்டிலிருந்த பருப்பைக் கையால் துழாவினாராம்.

"மூக்கு போயி எம்புட்டு நாளாச்சு?"

அப்போதுதான் அக்கா அழுதிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், என்னையும் சேர்த்து.

ருக்மணி பாய் திரும்பி, தமிழில், சந்து முழுக்கக் கேட்கும்படி என்னிடம், "இவளுக்கு ருசி பார்த்துச் சொன்னது நீங்கதானா?" என்றார்.

"ஆமாங்க."

"அதான் ரெண்டு நாளாக் கொழம்பு, ஜன்னல் வழியா வர்ற உங்க வீட்டுக் கொழம்பு வாசம் மாதிரியே இருந்துச்சு."

பிறகு கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார். மருமகள் வீடு திரும்புவதற்குள், காதில் ஹெட்போனோடு அறைக்குள் இருந்த மகன் வெளியே வருவதற்குள் வேலை நடக்கட்டும் என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

"நான் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன். நீ மூக்கைத் தொலைச்சுட்டு நிக்கிற. நல்ல குடும்பம். பருப்பைத் திரும்பப் போடு. நான் சொல்றப்ப எறக்கு."

சொல்லாதவருக்குச் சோறு இல்லை

ருக்மணி பாய் மகனிடம் சொல்லவில்லை. சுலோச்சனா அக்காவே சொன்னார். அன்று ராத்திரி எல்லோரும் தட்டின்முன் உட்கார்ந்தபிறகு, ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எனக்கு வாசம் தெரியவில்லை, மாசியிலிருந்து. இனிமேல் எது கூட, எது குறைச்சல் என்று சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு மறுநாள் இந்த வீட்டில் சோறு கிடையாது.

மகன் பதறிப்போய், "அதாம்மா சொன்னேன், ஆள் வச்சுருவோம்னு" என்று ஆரம்பித்திருக்கிறான்.

"ஆள் வந்தா உங்கம்மாவுக்கு மூக்கு வந்துருமாடா?" என்று அத்தைக்காரி கேட்டிருக்கிறார். "நாக்கை வச்சுக்கிட்டு ஊமையா இருக்கிறது நீங்க. அவளை எதுக்கு எந்திரிக்கச் சொல்ற?"

அப்போது பத்மநாபன் அண்ணன் தொண்டையைக் கனைத்தாராம். கல்யாணமான நாளிலிருந்து தட்டின்முன் வாய்திறக்காத மனிதர்.

"துவையல்ல பூண்டு ஒண்ணு கூட," என்றார்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாராம்.

"போன வாரம் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி," என்று அவர் மேலும் சொன்னார்.

"அதைப் போன வாரமே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலையே."

இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "முப்பது வருசத்துக்கும் மேல ஆச்சு தம்பி, இந்த மனுசன் பூண்டை எண்ணிக்கிட்டே தின்னுருக்காரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

சமையலுக்கு ஆள் வரவில்லை. கண் ஆறிய பிறகும் ருக்மணி பாய் ஒரு மாதம் கூடவே தங்கி, தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முகர்ந்துவிட்டுப் போனார். அதன்பிறகு வீட்டில் இருந்தவர்களே சொல்லப் பழகிவிட்டார்கள். மருமகள் ஆபீசிலிருந்து வந்ததும் சாமி விளக்கை ஏற்றி, படைத்துவிட்டு, முதல் வாய் தான் வைத்துத் தீர்ப்புச் சொல்வார். ஒரே ஒரு நாள், "நல்லாருக்கு" என்றதற்கு அண்ணனுக்கே மறுநாள் பழைய இட்லிதான் கிடைத்தது என்று கேள்வி.

எனக்கு இனி அங்கே வேலையில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் இரண்டு ஜன்னலிலும் அடுப்பு எரிந்தது. பழக்கம். மருந்து மூடியில் உப்பை அளந்தபடி ஊர்க்கதை பேசினோம். செல்வி ஒரு நாள் பஸ்ஸில் வந்த களைப்போடு என் ரசத்தைக் குடித்துவிட்டு, "மிளகு கொஞ்சம் கம்மி," என்றார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று நான் எதையும் குழுவில் போடவில்லை.

சாத்திய ஜன்னல்

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம். ஒரு சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. மழைச் சாரலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வெயில். அன்றும் சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் தெரிந்தது, பாத்திரச் சத்தமும் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? பத்மநாபன் அண்ணனின் பூண்டுக் கதையை இந்தப் பத்திரிகையில் எழுதப்போவதாக வாத்தியாரிடம் உளறியது காதுக்குப் போய்விட்டதா? செல்வியிடம் கேட்டேன். "போய்க் கேளுங்க. நின்னு எழுதிக்கிட்டு இருக்காதீங்க," என்றார்.

சந்து வழியாகச் சுற்றிப் போய் முன்வாசலில் கூப்பிட்டேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"ஏன்க்கா, ஜன்னலு சாத்தியிருக்கு? எதுவும் கோவமா?"

"அய்யோ, கோவமெல்லாம் இல்ல தம்பி. முந்தாநாளு சாயங்காலம் அடுப்புல நின்னுக்கிட்டு இருக்கேன், திடீர்னு வாசம் தெரிஞ்சுச்சு. மூக்கு வந்துருச்சு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருங்காயமா, மல்லிகையா, கொதிக்கிற ரசமா? இத்தனை மாத இருட்டுக்குப் பிறகு ஒரு மனுஷிக்கு முதலில் திரும்பி வந்த வாசம் எது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"மொதல்ல என்ன வாசம்க்கா தெரிஞ்சுச்சு?"

"உங்க வீட்டுக் கருவாடு," என்றார் அக்கா. "காய்ச்சலுக்கு முந்தி, இருபது வருசமா அந்த ஜன்னலு எதுக்குச் சாத்தியே கெடந்துச்சுன்னு நெனச்சீங்க?"